பேட்டரி மாற்றியபின் உணரிகளின் அறைப் பெயர்கள் மாறிப்போவது பற்றி

வெப்பநிலையை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் உணரி (சென்சார்) இருக்கும் அறையை, வலையமைப்பில் சேரும்போது அதற்குக் கிடைக்கும் 16 பிட் முகவரியோடு இணைக்காமல், தயாரிப்பின்போதே பதிக்கப்பட்ட 64 பிட் முகவரியோடு இணையுங்கள். பேட்டரி மாற்றியதிலிருந்து இரண்டாம் மாடியின் வெப்பநிலை மூன்றாம் மாடியின் பெயரில் வருவதாக நீங்கள் எழுதிய குழப்பம் பெரும்பாலும் அதோடு தீரும்.

நீங்கள் குறிப்பிட்ட ஜிக்பீ (குறைந்த மின்சக்தியில் இயங்கும் கம்பியில்லாத் தொடர்பு முறை) வலையமைப்பில் குறுகிய 16 பிட் முகவரி நிலையானதன்று. உணரி விலகி மீண்டும் சேரும்போது புதிய எண் கிடைக்கலாம். பழைய எண் வேறோர் உணரிக்குப் போகவும் கூடும். எந்த உணரி எந்த அறையில் என்று குறிக்கும் உங்கள் அட்டவணை அந்த எண்ணை நம்பியிருப்பதே காரணம் என்று கருதுகிறேன். சரிபார்த்துச் சீராக்க இவ்வாறு செய்யுங்கள்:

1. ஐயத்துக்குரிய உணரியைச் சில நிமிடங்கள் உள்ளங்கையில் பொத்தி வைத்து, எந்த அறையின் பெயரில் வெப்பநிலை உயர்கிறது என்று பாருங்கள். உணரி அடுத்த அளவீட்டை அனுப்பும்வரை காத்திருப்பது அவசியம்.

2. 64 பிட் முகவரியின் கடைசி நான்கு இலக்கங்களை உணரியின் மேலும், அது பொருத்தப்பட்ட சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். முதல் இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிப்பவை என்பதால் ஒரே நிறுவனத்தின் உணரிகளில் அவை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

ஆனால், யாரேனும் உணரியைக் கழற்றி வேறு அறையில் மாட்டினால் அதை எந்த முகவரியும் காட்டிக்கொடுக்காது; சுவரில் உள்ள சீட்டும் உணரியில் உள்ள சீட்டும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு பேட்டரி மாற்றத்தின்போதும் பார்க்கத்தான் வேண்டும். சமிக்ஞையின் வலிமையைக் கொண்டு மாடியை ஊகிக்க முயல வேண்டாம். சுவர்களும் கதவுகளும் மனித நடமாட்டமும் அதை மாற்றிவிடும். சமிக்ஞையைப் பெறும் கருவிக்கு நேர் மேலே, அடுத்த மாடியில் இருக்கும் உணரி, கருவி உள்ள மாடியின் மறுகோடியில் இருப்பதைவிட அருகிலிருப்பதாகத் தோன்றலாம்.