கையால் செய்த கேம் கன்சோல், உள்ளே லித்தியம் பேட்டரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியை வைத்து மகனுக்குக் கையடக்க கேம் கன்சோல் ஒன்று செய்தேன். சார்ஜுக்கு டிபி4056 என்ற சிப் உள்ள மலிவு போர்டு. சார்ஜ் ஏறும்போதே அவன் விளையாடுகிறான். எவ்வளவு நேரம் ஆனாலும் சிவப்பு விளக்கு, நிரம்பிவிட்டது என்று காட்டும் நீலமாக மாறுவதில்லை. பேட்டரி போய்விட்டதா?

பதில்: போகவில்லை. ஆனால் இப்படியே விட்டால் போய்விடும். அந்த போர்டுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: பேட்டரியை 4.2 வோல்ட் வரை ஏற்றுவது, உள்ளே போகும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் நிறுத்துவது. 1 ஆம்பியர் போர்டில் அந்தப் பத்தில் ஒரு பங்கு 100 மில்லிஆம்பியர். உங்கள் கன்சோலும் அதே முனையில்தான் மின்சாரம் எடுக்கிறது, அதுவும் 100-ஐவிட அதிகமாக. பேட்டரி நிரம்பிய பிறகும் மின்னோட்டம் குறையாததால், இன்னும் நிரம்பவில்லை என்றே போர்டு நினைக்கும். மணிக்கணக்கில் பேட்டரியை 4.2 வோல்டிலேயே பிடித்து வைத்திருக்கும். லித்தியம் பேட்டரிக்கு அது ஆகவே ஆகாது.

இன்றைக்கே செய்யக்கூடியது: சார்ஜ் ஏறும்போது கன்சோலை அணைத்துவிடுங்கள். ஆனால் பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள். அதனால் சுற்றையே மாற்றுவதுதான் சரி. ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் (மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்ச்), ஒரு ஷாட்கி டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுவது), ஒரு ரெசிஸ்டர் போதும். யூஎஸ்பி செருகியதும் கன்சோல் யூஎஸ்பியில் ஓடும், பேட்டரி தனியாகச் சார்ஜ் ஆகும். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால், இந்த வசதி உள்ளேயே இருக்கும் எம்சிபி73871 அல்லது பிகியூ24074 ஐசி (சிப்) போட்ட போர்டை வாங்குங்கள். விலை கூடத்தான். பிள்ளையின் கையில் கொடுக்கிற பொருள் என்பதால் யோசிக்காமல் வாங்கலாம்.

கேள்வி: சார்ஜ் போர்டில் விரல் வைக்க முடியாத சூடு. பேட்டரி 1000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, கொள்ளளவு) தட்டை வகை. போர்டை அதன் மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

பதில்: முதலில் போர்டைப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுங்கள். 5 வோல்ட் உள்ளே வருகிறது, பேட்டரி 3.2 வோல்டில் இருக்கிறது என்று வையுங்கள். மீதி 1.8 வோல்டை இந்த வகை சிப் வெப்பமாகத்தான் கழிக்கும். 1 ஆம்பியரில் அது 1.8 வாட், சுண்டுவிரல் நகம் அளவுள்ள சிப்பில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள். பேட்டரியின் வெப்பத்தைக் கவனிக்க சிப்பில் தனியே ஒரு கால் (பின்) உண்டு. மலிவு போர்டுகளில் அதை கிரவுண்டில் இணைத்து வேலை செய்யாமல் ஆக்கியிருப்பார்கள். ஆகவே பேட்டரி எவ்வளவு கொதித்தாலும் போர்டு நிறுத்தாது.

உங்கள் பேட்டரிக்கு 1 ஆம்பியரும் அதிகம், பாதி போதும். போர்டில் சார்ஜ் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2.4 கிலோஓம் வையுங்கள், சுமார் 500 மில்லிஆம்பியராக இறங்கும். சூடும் பாதியாகும். அப்புறம், பேட்டரி 45 டிகிரிக்கு மேல் இருந்தால் சார்ஜ் போடக் கூடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், ராத்திரி தலையணைக்கு அடியிலும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஒரு வருடம் ஓடிய கன்சோலின் பின்மூடி இப்போது சரியாக மூடவில்லை. ஸ்க்ரூவை இறுக்கலாமா?

பதில்: இறுக்காதீர்கள். பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். இனி சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், காற்றை வெளியேற்றலாம் என்று குத்திப் பார்க்காதீர்கள். மெதுவாகக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகரப் பெட்டியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், குப்பையில் போடக் கூடாது. புதிய பேட்டரி வைக்கும்போது சுற்றிலும் கொஞ்சம் இடம் விடுங்கள். ஸ்க்ரூவின் நுனியோ பற்றவைப்பின் கூர்முனையோ அதைத் தொடவே கூடாது.

கேள்வி: புது பேட்டரியின் பிளக் என் போர்டில் அப்படியே பொருந்துகிறது. செருகிவிடலாமா?

பதில்: மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகாதீர்கள். இந்தப் பேட்டரிகளில் வரும் ஜேஎஸ்டி என்ற சின்ன பிளக் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பிளஸ் எந்தப் பக்கம் என்பது விற்பவருக்கு விற்பவர் மாறும். சிவப்புக் கம்பியை நம்பி நானே ஒரு முறை செருகி, கண்ணெதிரே போர்டு புகைந்தது. அன்றிலிருந்து நேற்று வாங்கிய அதே பேட்டரி என்றாலும் அளந்துதான் செருகுகிறேன்.

கேள்வி: 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) மலிவாகக் கிடைக்கிறது. இரண்டை இணையாக வைக்கலாமா?

பதில்: அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகளே 3500 எம்ஏஎச் அருகில்தான் தருகின்றன. 9900 என்பது பொய், வாங்காதீர்கள். நல்ல செல்களை இணைப்பதானாலும், இரண்டும் ஒரே வகையாக, ஒரே வோல்டேஜில் இருக்க வேண்டும். ஒன்று 4.1, மற்றது 3.5 என்று இருந்தால் இணைத்த நொடியே ஒன்றிலிருந்து மற்றதற்குக் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டம் பாயும். கம்பியை நேராக செல்லின் மேல் பற்றவைக்காமல், நிக்கல் பட்டை ஒட்டிய செல்லாகக் கேட்டு வாங்குங்கள்.