குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஹோமியோபதி குணமாக்கும் என்று ஆய்வில் நிரூபித்திருக்கிறார்களாமே, உண்மையா?

ஆய்வு நடந்தது உண்மை. நிரூபித்தார்களா என்றால், இல்லை.

ஒரு காலத்தில் நானும் நம்பியவன்தான். என் மகனுக்கு ஒன்றரை வயதில் பேதியானபோது, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகளை நாளுக்கு மூன்று வேளை அவன் நாக்கில் போட்டேன். நான்காம் நாள் நின்றுவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் பெருமை. அந்த நான்கு நாளும் என் மனைவி டம்ளரும் ஸ்பூனுமாக அவன் பின்னால் அலைந்து ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல்) கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது ஜெனிஃபர் ஜேக்கப்ஸ் என்ற ஹோமியோபதி டாக்டரின் குழு செய்த ஆய்வாக இருக்கும். 1991-இல் நிகராகுவாவின் லியோன் நகரில் நடந்து, 1994-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்தது. 6 மாதம் முதல் 5 வயது வரை 81 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஹோமியோபதி உருண்டை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் உருண்டை. இரண்டு பக்கத்துக்குமே ஓஆர்எஸ் உண்டு. இளகிய மலம் நாளுக்கு மூன்று முறைக்கும் கீழே வந்து, அது இரண்டு நாள் நீடித்தால் குணம் என்று வைத்துக்கொண்டார்கள். மருந்துப் பக்கம் சராசரி 3 நாள், வெறும் உருண்டைப் பக்கம் 3.8 நாள்.

அதாவது முக்கால் நாள் சொச்சம். தானாகவே நிற்கிற ஒரு நோயில், 81 பேரை வைத்துக்கொண்டு, முக்கால் நாளை மருந்தின் கணக்கில் எழுதலாமா? ஒரு குழந்தை இரண்டாம் நாளே தேறும், இன்னொன்று ஏழு நாள் இழுக்கும். அப்படி நான்கைந்து பேர் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டாலே சராசரி நகர்ந்துவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். 2003-இல் இதையும் இன்னும் இரண்டு சிறிய ஆய்வுகளையும் சேர்த்து 242 குழந்தைகளுக்குக் கணக்குப் போட்டபோதும் கிட்டத்தட்ட அதே முக்கால் நாள்தான் வந்தது.

அப்புறம் நடந்ததை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. அதே ஜேக்கப்ஸ் குழு ஹோண்டுராஸில் 292 குழந்தைகளிடம் ஐந்து மருந்துகளைக் கலந்த மாத்திரையைச் சோதித்தது. 2006-இல் முடிவு வந்தது: வித்தியாசமே இல்லை. தனக்குப் பாதகமான முடிவையும் வெளியிட்டாரே, அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். 'ஆளுக்கேற்ற மருந்தைத் தேர்ந்து கொடுக்கவில்லை, அதனால்தான்' என்று ஒரு சமாதானம் உண்டு. சரி, அப்படியானால் ஆளுக்கேற்ற மருந்தையே இவ்வளவு பேருக்குக் கொடுத்துக் காட்டட்டும்.

இன்னொன்று, முதல் ஆய்வில் கொடுத்தது 30சி வீரியம். நூறு மடங்கு நீர்த்தலை முப்பது தடவை செய்வது அது. மொத்தம் எத்தனை மடங்கு என்றால், 1-க்குப் பின்னால் 60 சைபர். மூல மருந்தின் ஒரு மூலக்கூறு உருண்டையில் இருந்தாலே அதிசயம்.

இவ்வளவு நீர்த்த உருண்டையால் குழந்தைக்குப் பெரும்பாலும் கெடுதல் வராது. உருண்டையை நம்பி ஓஆர்எஸ்ஸை விடுவதுதான் ஆபத்து. பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பு. ஓஆர்எஸ்ஸோடு, டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாகம் 10 முதல் 14 நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஓஆர்எஸ் கொடுத்ததும் வாந்தி எடுத்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் மறுபடி கொடுங்கள். நாங்கள் அவசரப்பட்டு டம்ளரோடு சாய்த்து, இரண்டு முறை பாயை அலச வேண்டியதாயிற்று.