ஜனவரியில் பிறந்த பையன்

அன்புள்ள ஐயா,

என் மகன் போன வருடம் 14 வயதுக்குட்பட்டோர் நூறு மீட்டரில் மாவட்டத்தில் முதலிடம். ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவன், ராசிக்காரன் என்று வீட்டில் கொண்டாடினோம். இந்த வருடம் 17 வயதுப் பிரிவில் முதல் சுற்றான ஹீட்ஸிலேயே வெளியேறிவிட்டான். ஒன்பதாம் வகுப்பில் மார்க்கும் சுமார்தான். வீணாய்ப் போய்விட்டானோ என்று பயமாக இருக்கிறது. பள்ளியில் முன்னால் நிற்பவன்தானே வாழ்க்கையிலும் நிற்பான்? ஓட்டத்தை நிறுத்தி டியூஷனில் சேர்க்கவா?

ஒரு தகப்பன், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள நண்பருக்கு,

பதினான்கு வயதுப் பிள்ளையை ‘வீணாய்ப் போய்விட்டான்’ என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? அவன் காதில் விழும்படி இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மார்க்கை விடுங்கள். 1921ல் கலிஃபோர்னியாவில் டெர்மன் என்ற உளவியலாளர் சோதனை வைத்து 1,500க்கும் மேற்பட்ட புத்திசாலிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்தார். அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் இயற்பியலில் நோபல் வாங்கிய ஷாக்லியும் அல்வாரெஸும் அந்தச் சோதனையில் கழித்துக்கட்டப்பட்ட பையன்கள். போதும்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஜனவரிதான். போன வாரம்தான் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விளையாட்டில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1தான் கணக்கு. அன்று பிறந்தவனும் அதே வருடம் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பதிமூன்று வயதில் பதினோரு மாதம் என்பது சில பையன்களுக்கு மூன்று நான்கு அங்குல உயரம், மீசை அரும்பு, தொடையில் சதை. போன வருடம் உங்கள் பையன் அந்தப் பிரிவிலேயே மூத்தவர்களில் ஒருவன். ஜெயித்தான். இந்த வருடம் பதினாறு வயதுக்காரர்களோடு ஓடினான். தோற்றான். இதில் ராசி எங்கே வந்தது? கனடா ஐஸ் ஹாக்கியில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பையன்களே குவிந்துகிடப்பதை 1985லேயே பார்ன்ஸ்லி என்பவர் எடுத்துக் காட்டிவிட்டார். அங்கும் ஜனவரி 1தான் எல்லைக்கோடு.

கொடுமை அதோடு முடிவதில்லை. ஏழாம் வகுப்பில் வளர்ந்து நின்றவன் விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகிறான். கோச், முட்டை, ஸ்பைக்ஸ் ஷூ எல்லாம் அவனுக்கு. நாலு வருடம் கழித்து அவன் முன்னால் நின்றால், ‘பார், அப்போதே தெரிந்தது’ என்கிறோம். எங்கள் பி.டி. சார் உயர வரிசையில் நிறுத்தி முதல் பத்துப் பேரை ஓடச் சொல்வார். மிச்சப் பேர் மைதானத்தில் கல் பொறுக்க வேண்டும். என்னோடு கல் பொறுக்கியவன் ஒருத்தன், நவம்பரில் பிறந்தவன். பிளஸ் ஒன்னில் ஒரே வருடத்தில் பனைமரமாய் வளர்ந்தான். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் எங்கள் பள்ளி சாம்பியனையே ஓரங்கட்டுவான். பார்க்கத்தான் ஆள் இல்லை. பி.டி. சாரின் பட்டியல் எட்டாம் வகுப்பிலேயே மூடிவிட்டது. இப்போது முதுநகரில் மீன் ஏலம் விடுகிறான், இரண்டு படகும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் ‘வாழ்க்கையில் முன்னால்’ கணக்கில் அவனை எங்கே நிறுத்துவீர்கள்?

இன்னொன்று. இரண்டு வருடத்தில் உங்கள் பையன் 17 பிரிவிலும் மூத்தவனாகிவிடுவான். அப்போது மெடல் வாங்கினாலும் துள்ளிக் குதிக்காதீர்கள். கூட ஓடியவர்களின் பிறந்த தேதியைக் கேளுங்கள்.

டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அனுப்புங்கள், ஆனால் ஓடி முடித்துக் குளித்துவிட்டு வந்த பிறகு.