கடலைப் பின்னால் வைத்து வீடியோ எடுத்தால் முகம் ஏன் கறுக்கிறது?

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் அம்மம்மாவை இருத்திக் கதை சொல்லவைத்து எடுத்தால், கடல் பளிச்சென்று இருக்கும், முகம் மட்டும் கறுத்துப்போகும். காரணம் எக்ஸ்போஷர், அதாவது கமரா உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவு. போன் பெரும்பாலும் படம் முழுவதையும் சேர்த்தே அளக்கும். வானமும் கடலும் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் 'வெளிச்சம் கூட' என்று நினைத்துக் குறைத்துவிடும். வாசலில் நிற்பவரை மத்தியான வெயிலில் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் உருவம் மட்டும்தானே தெரியும்? அதேதான்.

திருகோணமலையில் சூரியன் கடல் பக்கம் உதிக்கிறது. அதனால் காலையில் கடலைப் பின்னணியாக வைப்பதே வினை. மாலை நாலரைக்குப் பிறகு வெயில் மேற்கிலிருந்து முகத்தில் விழும். கண் கூசினால் சற்றே பக்கவாட்டாக இருத்துங்கள். காலையில்தான் எடுக்கவேண்டுமென்றால், முகத்துக்கு முன்னால் ஒரு மீற்றர் தள்ளி, படத்துக்குள் வராமல், வெள்ளைப் படுக்கைவிரிப்பைப் பிடிக்கலாம், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் விழும்.

பிறகு போன் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் பூட்டு அடையாளம் வரும், எக்ஸ்போஷர் இனித் தானாக மாறாது என்று அர்த்தம். பூட்டாவிட்டால், பின்னால் ஒரு வள்ளம் போனாலே கதையின் நடுவில் முகம் வெளுத்தும் கறுத்தும் மாறும். கடல் கொஞ்சம் வெளிறினால் வெளிறட்டும், கதை முகத்தில்தான் இருக்கிறது.

4கே-யில் எடுத்தால் இது சரியாகும் என்று பலர் நம்புகிறார்கள். 4கே என்பது படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையைத்தான் கூட்டும், கறுத்த முகம் இன்னும் துல்லியமாகக் கறுப்பாகவே தெரியும்.