சாவி யாரிடம்? மாரிக்கு முன் சில கேள்விகள்

திருகோணமலையில் ஒரு பாடசாலையின் அனர்த்தக் குழுவைப் பல வருடம் பார்த்தவன் என்பதால் புயல், வெள்ளம் பற்றிப் பல ஊர்களிலிருந்தும் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூதூர், ஆசிரியை: குழுவை எங்கிருந்து தொடங்குவது, சேர்?

சாவியிலிருந்து. சிரிக்காதீர்கள். ஒரு மார்கழி இரவு, காற்று ஊளையிடுகிறது. கடற்கரை ஒழுங்கைச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலை வாசலுக்கு வந்துவிட்டது. கேட் பூட்டு. சாவி வைத்திருந்த காவலாளி கந்தளாயில் கலியாண வீட்டில். ஒரு மணித்தியாலம் மழையில் நின்ற பிறகு யாரோ அலவாங்கு கொண்டுவந்து பூட்டை உடைத்தார்கள். உள்ளே போனால் மலசலகூடத்துக்குத் தனிப்பூட்டு! அதற்கும் அதே அலவாங்குதான்.

அதனால் ஒவ்வொரு பூட்டுக்கும் மூன்று சாவி: அதிபரிடம் ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று, பாடசாலைக்கு எதிர் வீட்டில் ஒன்று. எதிர் வீடுதான் முக்கியம், நடந்து வந்து திறக்கலாம். அடுத்தது, பெற்றோரின் போன் நம்பர்களைக் கடதாசியில் எழுதி வையுங்கள். கரண்ட் போனால் போனும் செத்துவிடும். வரவுப் பதிவேடு, பெறுபேற்றுக் கோவை எல்லாம் அலுமாரியின் கீழ்த்தட்டில்தான் கிடக்கும், வெள்ளமும் முதலில் அங்கேதான் வரும். ஐப்பசியிலேயே மேல்மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

கிண்ணியா, ஒரு தாய்: மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது. பயமில்லைதானே?

நம் பக்கத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான், தங்கச்சி. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடிவந்து நம் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. மலைநாட்டில் கொட்டிய மழை இங்கே வந்துசேரக் காலம் எடுக்கும். தலைக்கு மேல் வெயில், வாசலில் வெள்ளம் என்பது இங்கே நடக்கிற கதை. 2025 நவம்பரில் டித்வாப் புயலோடு மாவிலாற்றுப் பக்கம் அணைக்கரை உடைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வானத்தைப் பார்க்காமல் ஆற்று நீர்மட்ட அறிவிப்பைக் கேளுங்கள்.

உவர்மலை: வட்ஸ்அப்பில் நாளை புயலாம். உண்மையா?

வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னதா? இல்லையென்றால் அழித்துவிடுங்கள். சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள்.

நிலாவெளி, விளையாட்டு ஆசிரியர்: மின்னல் நேரத்தில் எப்போது பிள்ளைகளை மைதானத்திலிருந்து எடுப்பது?

மின்னலைக் கண்டதும் எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி மைதானம். இறுதி ஆட்டமென்றாலும் இதுதான். வேப்பமரத்தடி கட்டடமில்லை.

நகரம், ஒரு பெரியவர்: தம்பி, நமக்கு இயற்கைத் துறைமுகம், சுற்றிலும் மலை. கோணேசர் இருக்கிறார். புயல் இங்கே என்ன செய்யும்?

ஐயா, கோணேசரை நானும் கும்பிடுகிறேன். துறைமுகம் கப்பலுக்குப் பாதுகாப்பு, தகரக் கூரைக்கு அல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் வடகிழக்கைக் கடந்துதான் போனது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் நமக்கு வடக்கே கரையேறியது.

அதே பெரியவர்: புரேவி ஒன்றும் செய்யவில்லையே! எல்லோரும் பாடசாலையில் படுத்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

மிச்சம் உயிர் ஐயா. ஒரு இரவு பாயில் படுத்தது நட்டமா?

சாம்பல்தீவு, ஒரு அக்கா: 64 நான் சின்னப்பிள்ளை. காற்று நின்றுவிட்டதென்று அப்பா வெளியே போனார், மறுபக்கத்திலிருந்து திரும்ப அடித்தது.

இதைத்தான் சொல்ல வந்தேன். புயலின் கண் தலைக்கு மேல் வந்தால் காற்று சட்டென்று நிற்கும். சனம் கூரை பார்க்க வெளியே வரும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அறிவிப்பு வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது. பெரியவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, நாலு பேர் அவருக்குச் சார்பாக வேறு எழுதிவிட்டார்கள். சரி, எழுதட்டும். சாவியை மட்டும் கொடுத்து வையுங்கள்.

கந்தளாய்: குளம் உடைகிறதென்று வதந்தி. ஓடலாமா?

மேலதிகத் தண்ணீரை விட வான் கதவு திறப்பது வேறு, கட்டு உடைவது வேறு. கதவைத் திறப்பதே கட்டைக் காப்பாற்றத்தான். ஆனாலும் 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் உங்கள் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் போன ஊர் அது, பயத்தைக் குறைசொல்ல மாட்டேன். மேட்டுக்கு எந்த வழி என்று இப்போதே பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

தம்பலகாமம்: வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீர்?

இறைத்து, குளோரின் போட்ட பிறகுதான். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

மூன்று பேர்: நாளைக்குப் பாடசாலை உண்டா?

நான் கல்விப் பணிப்பாளர் இல்லை.

குச்சவெளி: மழை விட்டால் ஆபத்து முடிந்ததா?

கிண்ணியாத் தங்கச்சிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் பாடசாலைச் சாவி அதிபரிடம் மட்டும்தான். அவர் மட்டக்களப்பிலிருந்து வந்துபோகிறவர். இன்னொரு சாவி கேட்டால் கோபிப்பாரா?

கோபிப்பார். கேளுங்கள். எல்லா வீட்டிலும் அலவாங்கு இல்லை.