வெயில் வராத பின்கட்டில் அலங்காரக் கோரை வளருமா? எப்படிப் பராமரிப்பது?

வளரும். ஆனால் எந்தக் கோரையை வாங்குகிறீர்கள் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கோலாலம்பூரில், செத்தாப்பாக் பக்கம் டெரஸ் வீட்டில் இருக்கிறேன். பின்பக்கம் மதில், அதற்கு மேல் பக்கத்து வீட்டு மாமரம். காலையில் ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். முதலில் ஆசைப்பட்டு வாங்கியது மஞ்சள் கோடு போட்ட ஜப்பானியக் கேரக்ஸ் என்ற கோரை, 'எவர்கோல்ட்' ரகம், 3 தொட்டி. 4 மாதத்தில் நடுக்குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வந்தது. குளிர்ப் பக்கத்துச் செடி அது. இங்கே இரவில்கூட 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. போதாக்குறைக்கு நான் வேறு அடித்தண்டு வரை மண்ணைக் குவித்து, தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றினேன். குளிரான கேமரன் மலையில் இருப்பவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

அப்புறம் குடைக்கோரைக்கு மாறினேன். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கத்துச் செடி. தண்டின் உச்சியில் இலைகள் குடைக்கம்பி போல விரியும். அம்மா பார்த்துவிட்டு, "கோரையைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்றார். தோட்டத்தில் கோரைக்கிழங்கு தோண்டியே இடுப்பு ஒடிந்தவர் அவர், கேட்கத்தான் செய்வார்.

இதற்குத் தண்ணீர் நின்றாலும் கவலையில்லை, காய்ந்தால்தான் இலை நுனி பழுப்பாகும். அப்போது நுனியை மட்டும் கத்தரிக்காதீர்கள், மொட்டையாக அசிங்கமாக நிற்கும். பழுத்த தண்டை மண்ணோடு ஒட்ட வெட்டுங்கள், புதுத் தண்டு அடியிலிருந்துதான் வரும். உரம் கொஞ்சமாகப் போடுங்கள். இருட்டில் அதிக உரம் வைத்தால் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். ஒரேயடியாக இருட்டான மூலை வேண்டாம், பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சமாவது இருக்கட்டும்.

இன்னொரு செடி வேண்டுமா? தலையை ஒரு விரல் நீளத் தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, தலைகீழாகத் தண்ணீரில் போட்டு வையுங்கள். சில வாரங்களில் இலைக் கக்கத்திலிருந்து வெள்ளை வேரும் பச்சை முளையும் எட்டிப் பார்க்கும்.

கொசுதான் பெரிய தொல்லை. தொட்டிக்குக் கீழே தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடித்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. நான் தட்டை எடுத்துவிட்டு, தொட்டியைப் பெரிய ஜாடிக்குள் இறக்கி, கப்பி மீன் 5 விட்டிருக்கிறேன்.

வேர் தொட்டியை நிறைத்துவிட்டால் பழைய ரொட்டிக் கத்தியால் அறுத்துப் பிரியுங்கள். ஓரத்துத் துண்டுகளை நடுங்கள், நடுத்துண்டு கிழடு. மிஞ்சியதை லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், மட்டும் போடாதீர்கள். எங்கள் பின்சந்து லோங்காங்கில் இப்போது இடுப்பளவு குடைக்கோரை நிற்கிறது, நான் எறிந்ததுதான்.