முதல் மாத விற்பனையை நம்பி மகனின் படிப்பைத் தீர்மானிக்கலாமா?

மதிப்புக்குரிய ஐயா,

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகன், அண்மையில் சந்தைக்கு வந்த வி.ஆர். ஹெட்செட் (தலையில் அணிந்து மெய்நிகர் உலகைக் காணும் கருவி) ஒன்றின் முதல் மாத விற்பனைச் செய்தியைக் காட்டி, அந்த ஒரு கருவிக்கு விளையாட்டுகள் உருவாக்கக் கற்பிக்கும் ஆறு மாதப் பாடநெறியில் சேரக் கேட்கிறார் என்றும், கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். தம்பியின் ஆர்வத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவர் காட்டும் எண்ணிக்கையை வைத்து இவ்வளவு பெரிய முடிவை எடுக்க முடியாது என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை அவரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில், எதை எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். சோனி நிறுவனம் 2010 செப்டெம்பரில் தன் பிளேஸ்டேசன் விளையாட்டுக் கருவிக்கு, கையில் பிடித்து அசைத்து விளையாடும் பிளேஸ்டேசன் மூவ் என்ற அசைவுக் கட்டுப்படுத்தியை வெளியிட்டபோது, முதல் இரு மாதங்களுக்கு அறிவித்த 4.1 மில்லியன் என்ற எண்ணிக்கை, கடைகளுக்கு அனுப்பப்பட்ட கருவிகளின் தொகையாகும். கடைக்காரர் வாங்கி அடுக்கியதும், வீட்டுக்காரர் வாங்கிக் கொண்டுபோனதும் செய்தியில் ஒரே சொல்லால் குறிக்கப்படலாம். ஆனால் அடுக்கியவை விற்காமல் தேங்கினால் அடுத்த காலாண்டில் கடைகளின் கொள்வனவுக் கட்டளைகள் குறைந்துவிடும்.

மக்கள் உண்மையாகவே வாங்கியிருந்தாலும், அவர்கள் எந்தக் காலத்தில் வாங்கினார்கள் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவியோடு இணைத்து, உடல் அசைவாலேயே விளையாட உதவும் கினெக்ட் 2010 நவம்பர் 4 அன்று அமெரிக்காவில் வெளிவந்து, முதல் 60 நாட்களில் 8 மில்லியன் விற்று, மிக வேகமாக விற்பனையான மின்னணு நுகர்பொருள் என்று கின்னஸ் சாதனைப் பதிவு பெற்றது. அந்த 60 நாட்களுக்குள் நத்தார்ப் பண்டிகை அடங்கியிருந்தது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள் வியாபாரத்தைக் கொண்டு ஒரு கடையின் ஆண்டு வருமானத்தை நம்மூரில் எவரும் கணிப்பதில்லை அல்லவா? கினெக்டின் விற்பனை பண்டிகைக்குப் பின்னும் தொடர்ந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: 2013 இன் தொடக்கத்தில், உலகெங்கும் விற்றிருந்த 76 மில்லியன் எக்ஸ்பொக்ஸ் 360 கருவிகளுக்கு 24 மில்லியன் கினெக்ட்கள் விற்றிருந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு துணைச்சாதனத்துக்கு மிகச் சிறந்த நிலை.

ஆயினும் அது நிலைக்கவில்லை. கருவிக்கு முன்னால் ஏறத்தாழ ஆறடி வெற்றிடம் வேண்டும். கை அசைத்த பின் திரை அசையச் சிறிது நேரம் பிடிக்கும். வழக்கமான விளையாட்டுகளை விரும்பியவர்கள் பழைய கட்டுப்படுத்தியிடமே திரும்பினார்கள். 2013 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் வன் கருவியோடு கினெக்டையும் கட்டாயமாகச் சேர்த்து 499 டொலருக்கு விற்றபோது, போட்டியான பிளேஸ்டேசன் 4 இன் விலை 399 டொலராக இருந்தது. 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத எக்ஸ்பொக்ஸ் வன் பெட்டியை 399 டொலருக்கு வெளியிட்ட பின், கினெக்டுக்கென்று விளையாட்டு எழுத முன்வருவோர் மேலும் குறைந்தனர். 2017 ஒக்டோபரில் கினெக்டின் உற்பத்தி நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

தம்பி காட்டும் வகையைச் சேர்ந்த ஒரு கருவியையே எடுத்துக்கொள்வோம். சோனியின் ஹெட்செட்டான பிளேஸ்டேசன் வி.ஆர். 2, 2023 பெப்ரவரியில் 549 டொலருக்கு வந்து, முதல் ஆறு வாரங்களில் 600,000 அளவில் விற்றது. அதே காலத்தில் முந்தைய பதிப்பு விற்றதை விட இது சற்று அதிகம். செய்தியாக வாசித்தால் அது வெற்றி. ஆனால் அதை இணைத்து விளையாட வேண்டிய பிளேஸ்டேசன் 5 அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே 30 மில்லியனைத் தாண்டியிருந்தது. அதாவது பிளேஸ்டேசன் 5 உள்ள நூறு வீடுகளில் இரண்டு வீடுகூட ஹெட்செட்டை வாங்கவில்லை. ஒரு விளையாட்டு நிறுவனத்தின் முதலாளி, தான் சம்பளம் கொடுக்கும் பத்துப் பேரின் உழைப்பை அந்த இரண்டு வீடுகளுக்காகச் செலவிடுவாரா என்று யோசித்துப் பாருங்கள். 2025 மார்ச்சில் விலை 399 டொலராகக் குறைக்கப்பட்டது.

ஆகவே தம்பி பார்க்க வேண்டியவை வேறு. பண்டிகை முடிந்த பிந்திய காலாண்டில் விற்பனை எப்படி இருக்கிறது, வாங்கியவர்கள் இரண்டாவது, மூன்றாவது விளையாட்டையும் காசு கொடுத்து வாங்குகிறார்களா, தயாரித்த நிறுவனத்தைச் சாராத பிறர் அடுத்த ஆண்டுக்கு விளையாட்டுகளை அறிவித்திருக்கிறார்களா என்பவற்றை மாதந்தோறும் ஓர் அட்டவணையில் குறித்து வரச் சொல்லுங்கள். இவற்றுள் மூன்றாவதையே நான் பெரிதாக மதிப்பேன், ஏனெனில் வேலைவாய்ப்பு அங்கேதான் பிறக்கிறது. எண்களைத் தேடி வாசிக்கும் பழக்கம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. தயவுசெய்து அதைக் கண்டிக்க வேண்டாம்.

உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய பகுதி ஒன்றும் கினெக்டின் வரலாற்றிலேயே உண்டு. முதல் கினெக்டுக்குள் இருந்த ஆழம் உணரும் தொழில்நுட்பத்தை வழங்கிய பிரைம்சென்ஸ் நிறுவனத்தை 2013 இல் அப்பிள் வாங்கியது. முகத்தை ஆழத்தோடு அளந்து அடையாளம் காணும் வசதி 2017 இல் ஐபோனில் வந்தது. ரோபோ ஆய்விலும் உடற்பயிற்சி மருத்துவத்திலும் கினெக்ட் பயன்பட்டது. கருவியின் கட்டளைகளை மட்டும் மனனம் செய்தவருக்கு 2017 உடன் கதவு அடைபட்டது. அதன் அடியிலுள்ள திசையன், தாயம் (மெட்ரிக்ஸ்), நிகழ்தகவு, படச்செயலாக்கம் ஆகியவற்றைக் கற்றவருக்கோ அடுத்த கருவியிலும் இடம் இருந்தது. இணைந்த கணிதம் படித்த உங்கள் மகன் அந்த வழியில் பாதித் தூரம் வந்துவிட்டார்.

எனவே பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் (Z) புள்ளியும் வரும்வரை அடகுக் கடைக்குப் போக வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானமும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியல் பீடமும் அவருடைய பாடப்பிரிவுக்குப் பொருத்தமானவை. இடம் கிடைக்காவிட்டாலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் இலவசமாகக் கிடைக்கும் கோடோ (விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்), பிளெண்டர் (முப்பரிமாண உருவங்களை வடிவமைக்கும் மென்பொருள்) ஆகியவற்றைப் பழகி, சிறிய விளையாட்டு ஒன்றை முடித்துக் காட்டட்டும். வி.ஆர். மீதே விருப்பமென்றால், பல நிறுவனங்களின் ஹெட்செட்களுக்கும் பொதுவாக 2019 இல் வெளியான ஓப்பன் எக்ஸ்.ஆர். தரநிலையிலிருந்து தொடங்கட்டும்.

அந்தப் பாடநெறியை முற்றாக மறுக்கவும் நான் சொல்லவில்லை. நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, அந்த ஹெட்செட் நாளை நிறுத்தப்பட்டால் பாடத்திட்டத்தில் எந்தெந்தப் பகுதிகள் வேறு வேலைக்கு உதவும், முன்னர் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும். பதில்களை எழுத்தில் தரத் தயங்கினால் கட்டணத்தைச் செலுத்தாதீர்கள்.